சம்பந்தியம்மா உட்கார்ந்த டிரம்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்ததும் நாம் முதலில் செய்கிற காரியம் எதையாவது ஒளித்து வைப்பதுதான். மடிக்காத துணிகள் கட்டிலுக்கு அடியில் போகும். பழைய பெயின்ட் வாளி மாடிக்குப் போகும். ஒளித்து வைத்த பொருள், விருந்தாளி இருக்கும்போதே தானாக வெளியே வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்த்தவள் நான். அதுவும் சும்மா வரவில்லை. வெடித்துக்கொண்டு வந்தது.

பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் நிரப்பி நிரப்பி, ஒரு கட்டத்தில் என் கழுத்து இடது பக்கம் திரும்ப மறுத்தது. "தினமும் கொஞ்ச நேரம் வெளியே நடங்க" என்றார் டாக்டர். நான் விவசாயம் செய்யப் போய்விட்டேன். (அவர் சொன்னதைவிட அதிகமாகச் செய்வதில் எனக்கு ஒரு பெருமை.)

செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் செல்வி அக்காவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் மருந்தடிக்காத காய்கறி போடலாம் என்று மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தோம். செல்வி அக்கா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் கொல்லையில் பதில் வரும். இன்னொருவர் பஷீர் பாய். பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாண ரவிக்கை தைப்பவர். சர்க்கரை வியாதி வந்த பிறகு கடையில் வாங்கும் எந்தக் காயையும் நம்பாமல் எங்களோடு வந்து சேர்ந்தார். பாத்தி கட்டினாலும் துணி வெட்டுவது போலக் கோடு போட்டுத்தான் கட்டுவார். மூன்றாவது ஆள் நான். முதல் வாரத்திலேயே களை என்று நினைத்து ஒரு பாத்தி கொத்தமல்லியை வேரோடு பிடுங்கி, அதைக் குவித்து வைத்து, பாராட்டுக்காகக் காத்திருந்தவள்.

எங்கள் தோட்டத்தின் உயிர்நாடி ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். அதற்குள் மீன் அமிலம் இருந்தது. மீன் கடையில் கழித்துப் போடும் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் நாட்டுச் சர்க்கரையோடு சேர்த்து ஊற வைக்க வேண்டும். சில வாரங்களில் தேன் நிறத்தில் ஒரு கரைசலாகிவிடும். தண்ணீரில் துளி கலந்து தெளித்தால் செடி தளதளவென்று வரும். நன்றாக ஊறிவிட்டால் பழ வாசனை அடிக்கும் என்பார்கள். ஊறிக்கொண்டிருக்கும்போது என்ன வாசனை அடிக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. உள்ளே நுரைத்துக் காற்று கிளம்பிக்கொண்டே இருக்கும் என்பதால், மூடியை லேசாக வைத்து நிழலில் விட்டிருந்தோம். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அது பாட்டுக்குக் குபுகுபுவென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கார்த்திக், ராணிப்பேட்டை. கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டதால் திவ்யாவும் ஆசைப்பட்டாள். எங்கே எடுப்பது என்று குடும்பமே பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்.

"எங்க தோட்டத்துல எடுங்களேன். பீர்க்கங்காய்ப் பந்தல் முழுக்க மஞ்சப் பூவா இருக்குது. ஊட்டி மாதிரி இருக்கும்."

(ஊட்டிக்கு நான் போனதே கிடையாது.)

என் நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "புவனா, மாப்பிள்ளையோட அம்மாவும் கூட வராங்க. ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணத்துக்கு முன்ன பொண்ணும் பையனும் இப்படித் திரியறதே அவங்களுக்குப் பிடிக்கல. நிச்சயதார்த்தத்துல பாயசம் ஆறிப்போச்சுன்னு ஒரு வாரம் எங்கிட்ட பேசல. அவங்க மனசு கோணாம பார்த்துக்க. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"அண்ணி, நீங்க கவலையே படாதீங்க" என்றேன்.

முந்தின நாள் மாலை தோட்டத்துக்குப் போனேன். பந்தல் அழகாக இருந்தது. காற்று கொஞ்சம் திரும்பியதும் டிரம்மின் வாசனை வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் இந்த வாசனையை முகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். டிரம்முக்கு உள்மூடி ஒன்று உண்டு. நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. அதைத் தேடி எடுத்து அழுத்திப் பொருத்தி, மேல்மூடியையும் என் பலம் முழுவதையும் கொடுத்துத் திருகினேன். வாசனை நின்றது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இதை நான் மற்ற இருவரிடமும் சொல்லவில்லை.

நான் போன பிறகு பஷீர் பாய் வந்திருக்கிறார். அவருக்கும் அதே கவலை. திவ்யாவின் கல்யாண ரவிக்கையைத் தைத்ததே அவர்தான். படப்பிடிப்புக்கும் அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள். தான் தைத்த ரவிக்கை இருக்கும் இடத்தில் மீன் நாறக் கூடாது என்று, டிரம்மின் மூடிமேல் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைச் சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார். (அவர் முடிச்சுப் போட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.) அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் முதலில் வந்தவர் செல்வி அக்கா. கொட்டகைக்குப் பின்னால் டிரம் கிடப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை உருட்டிக்கொண்டு வந்து, பந்தலுக்கு முன்னால் வெட்டவெளியில் நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு, தன் வீட்டுப் புது ஜமுக்காளத்தால் தரைவரை போர்த்திவிட்டார். பார்ப்பதற்கு அழகான ஆசனம். சித்திரை வெயில் அதன்மேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது டிரம் பழைய இடத்தில் இல்லை. அக்கா எங்கேயோ தூரமாகக் கொண்டுபோய்விட்டார் என்று மனதுக்குள் அவரை வாழ்த்தினேன்.

வேன் வந்தது. அண்ணி முதலில் இறங்கினார். அடுத்து திவ்யா பச்சைப் பட்டில் இறங்கினாள். கார்த்திக் பட்டு வேட்டியில், யாரோ கட்டிவிட்டது அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தோடு இறங்கினான். கடைசியாக அவன் அம்மா, வசந்தா டீச்சர். நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டில் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தார். அதன் பார்டர் நான் போட்ட டிசைன். நாலு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட மாங்காய் வரிசை.

"இதான் தோட்டமா?" என்றார் டீச்சர்.

"ஆமாம்மா. எல்லாமே இயற்கை முறையில..."

"சேறா இருக்குதே."

அதோடு எங்கள் உரையாடல் முடிந்தது.

போட்டோகிராபர் வேலையை ஆரம்பித்தார். பந்தலுக்குக் கீழே நிற்கச் சொன்னார், பூவைப் பார்க்கச் சொன்னார், பூவைப் பார்க்காமல் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கச் சொன்னார். கார்த்திக் திவ்யாவின் தோளில் கை வைக்கும்போதெல்லாம் டீச்சர் ஒருமுறை இருமினார். கை தானாக இறங்கிவிடும். வெயில் ஏறிக்கொண்டே போனது. வரப்பில் நின்று நின்று டீச்சருக்கு முட்டி வலித்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். ஜமுக்காளம் போர்த்திய ஆசனம் கண்ணில் பட்டது. போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். சம்பந்தியம்மா எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்! அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

குபுக்.

டீச்சர் திரும்பிக் கார்த்திக்கைப் பார்த்தார். "காலையில சாப்பிட்டியா இல்லையா நீ?"

"சாப்பிட்டேம்மா."

குபுக். குபுக்.

அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்பவள். மெதுவாகச் செல்வி அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, டிரம் எங்க?"

"அதும்மேலதான உட்கார்ந்துக்கினு கீறாங்க" என்றார் அக்கா. அவர் ரகசியமாகச் சொன்னது எனக்கும் பஷீர் பாய்க்கும் மட்டும் கேட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

"மூடிய லேசாத்தானே விட்டீங்க?"

"நான் எங்க மூடியத் தொட்டேன்? பாய்தான் தார்ப்பாயப் போட்டு இறுக்கிக் கட்டிக்கீறாரே."

பஷீர் பாய் என்னைப் பார்த்தார். "வாசனை வரக்கூடாதுன்னு கட்டினேன்மா. உள்ள மூடி லூசாத்தான இருக்குது?"

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "யா அல்லா" என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெயிலை நிமிர்ந்து பார்த்தோம். பிறகு ஜமுக்காளத்தைப் பார்த்தோம். அது பக்கவாட்டில் மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் டிரம் மூச்சு இழுத்துப் பிடிப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லி எழுப்பியிருக்கலாம். "அம்மா, நீங்கள் அழுகிய மீன் தலைகள்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று ஒரு சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் சிரித்த முகத்தோடு போனேன்.

"அம்மா, அந்தாண்ட கத்திரிக்காய் நல்லா காய்ச்சிருக்குது. வாங்களேன், பார்க்கலாம்."

"எங்க வீட்டுப் பக்கத்துலயே விக்கிறாங்க."

"இங்க வெயிலா இருக்குதும்மா. நிழலுக்கு வாங்க."

"எனக்கு வைட்டமின் டி கம்மி. டாக்டரே வெயில்ல உட்காரச் சொல்லியிருக்கார்."

குபுக் என்ற சத்தம் இப்போது நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய ஒரு விசில். குக்கர் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த விசிலின் அர்த்தம் தெரியும். பஷீர் பாய் பொறுமை இழந்தார்.

"பாம்பு! பாம்பு!" என்று கத்தினார்.

நல்ல யோசனைதான். பாம்பு என்றால் யாராக இருந்தாலும் எழுந்து ஓடுவார்கள். ஆனால் வசந்தா டீச்சர் ஓடவில்லை. இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டு ஆசனத்தின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அது போதாதென்று, "திவ்யா, மேல ஏறு!" என்று வருங்கால மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார். திவ்யா ஒரு முழங்காலைப் பலகைமேல் வைத்தாள்.

டிரம் அதற்குமேல் தாங்கவில்லை.

பஷீர் பாயின் முடிச்சு கடைசிவரை அவிழவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். மேலே வழி இல்லாததால் மூடியின் ஓரம் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டது. 'டம்' என்ற சத்தத்தில் பந்தலிலிருந்து பூக்கள் உதிர்ந்தன. பழுப்பு நிறத்தில் ஒரு பீய்ச்சல் கிளம்பி, முதலில் கார்த்திக்கின் நெஞ்சில் அடித்து, அங்கிருந்து போட்டோகிராபரைத் தொட்டு, டிரம் சாய்ந்து சுழன்றதில் ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. பலகை நழுவியது. டீச்சர் சம்மணமிட்டபடியே சறுக்கிக்கொண்டு போய்ச் சிறுகீரைப் பாத்தியில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த அமிலம் முழுவதும் அவர் மடியில் வந்து இறங்கியது. என் மாங்காய் வரிசை கண்முன்னாலேயே மறைந்தது.

அப்புறம் அந்த நாற்றம். அதை நான் எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

திவ்யாவின் தலையில் மல்லிகைச் சரத்தின் நடுவே ஒரு மீன் தலை செருகி வைத்தது போல உட்கார்ந்திருந்தது. பஷீர் பாய் "என் ரவிக்கை... என் ரவிக்கை..." என்று முனகிக்கொண்டிருந்தார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இருந்த இடத்தைத் தவிர முகம் முழுவதும் பழுப்பு.

"இது என்ன?" என்றார், வகுப்பில் கேட்பது போல.

பேசாமல் இருந்திருக்கலாம். பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகியவள் நான்.

"மீன் அமிலம்மா. வளர்ச்சிக்கு ரொம்ப நல்லது."

திவ்யா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் இருந்த வாசனையால் உடனே எடுத்துவிட்டாள். பிறகு அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் குலுங்கக் குலுங்க மீன் தலையும் ஆடியது.

"சிரிப்பா இருக்குதா உனக்கு?" என்று எழுந்தார் டீச்சர். "கார்த்திக், கிளம்பு. கல்யாணத்தைப் பத்தி உங்கப்பாகிட்ட பேசிட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அண்ணி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கல்யாணத்தை நிறுத்துகிற அளவுக்கு ஒரு மூடியைத் திருக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அழுகை வந்தது. மூக்கைத் திறந்தால்தான் அழ முடியும் என்பதால் அதையும் ஒத்திப்போட்டேன்.

மோட்டார் போட்டுக் குளிக்க வைக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. தொட்டியில் கிடந்த தண்ணீரைச் செல்வி அக்கா வாளி வாளியாக மொண்டு, "கண்ண மூடிக்கோ டீச்சரு" என்று தலையில் ஊற்றினார். ராணிப்பேட்டையில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளை நடுங்க வைத்தவர், எங்கள் தொட்டிக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நிலத்தை ஒட்டியே அக்காவின் வீடு. கட்டிக்கொள்ள அங்கே கிடைத்தது அக்காவின் நைட்டிகள்தான். டீச்சருக்கு வாய்த்தது பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட ஆரஞ்சு நைட்டி. அதன்மேல் ஒரு துண்டு. கார்த்திக்குக்குக் கட்டம் போட்ட லுங்கி. போட்டோகிராபர் யாரிடமும் சொல்லாமல் பைக்கில் போய்விட்டார்.

"நீயும் வா" என்று அண்ணி என் கையைப் பிடித்தார். "நான் ஒருத்தியா இதைத் தாங்க மாட்டேன்."

வேன் டிரைவர் முதலில் ஏற்றவே மறுத்தார். கெஞ்சி ஏறினோம். ஏசி போட்டால் உள்ளேயே செத்துவிடுவோம் என்பதால் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். தோட்டத்து நாய்கள் செவிலிமேடுவரை கூடவே ஓடி வந்தன. டீச்சர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் நன்றாகக் குளித்துவிட்டு ஊருக்குக் கிளம்பட்டும் என்று முதலில் அண்ணி வீட்டுக்குப் போனோம். அதற்குப் பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழைய வேண்டும். முகூர்த்த நாள். பட்டு எடுக்க வந்த கார்கள், சாமி பார்க்க வந்த பஸ்கள், குறுக்கே ஆட்டோக்கள் என்று எதுவும் நகரவில்லை. எங்கள் வேன் நட்ட நடுவில் மாட்டிக்கொண்டது. இருபக்கமும் நின்றவர்கள் மூக்கைச் சுளித்துச் சாக்கடையைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், கடைசியில் எங்களைப் பார்த்தார்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் எங்கள் வேனை நோக்கி வந்தார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"டீச்சர்! வசந்தா டீச்சர்தான? நான் உங்ககிட்ட எட்டாவது படிச்சேன் டீச்சர்!"

வேனுக்குள் எல்லோருக்கும் மூச்சு நின்றது. (நாற்றத்தால் அல்ல.)

டீச்சர் சூரியகாந்திப் பூக்களுக்கு மேலே துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருக்கியாப்பா?" என்றார்.

"நல்லா இருக்கேன் டீச்சர்..." என்று இன்னும் கொஞ்சம் உள்ளே தலையை நீட்டியவர், சட்டென்று பின்வாங்கினார். மரியாதைக்காக மூக்கைப் பொத்தாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "என்ன டீச்சர்... மீன் மார்க்கெட்டுக்கு வந்தீங்களா?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லப்பா. என் சம்பந்தி வீட்டுத் தோட்டத்துக்கு வந்தேன்" என்றார்.

சம்பந்தி! அண்ணி என் கையை நசுக்கிவிடுவது போலப் பிடித்தார்.

"ஓ, பையனுக்குக் கல்யாணமா டீச்சர்? எப்போ?"

"அடுத்த மாசம். இதோ, இவதான் என் மருமக." திவ்யா நைட்டியில் கைகூப்பினாள். "நீயும் வந்துடு. இப்போ முதல்ல வழி விடு. இல்லன்னா இங்க நாலு பேரு மயக்கம் போட்டுடுவாங்க."

அவர் ஊதிய விசிலில் கூட்டம் விலகியது. விசில் ஊதாமலே விலகியிருக்கும். வேன் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு முன் சீட்டில் டீச்சரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து அண்ணி பதறி எழுந்தார்.

"வளர்ச்சிக்கு ரொம்ப நல்லதாம்!" என்றார் டீச்சர், சிரிப்புக்கு நடுவில் வார்த்தை வராமல். "எனக்கு அறுபது வயசு... இனிமே எங்கேம்மா வளர்றது!"

தன் அம்மா அப்படிச் சிரித்துக் கார்த்திக் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். வீடு வரும்வரை யாராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, டிரைவரைத் தவிர.

கல்யாணம் நன்றாக நடந்தது. பஷீர் பாய் ராப்பகலாக உட்கார்ந்து புது ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அரக்குப் பட்டைத்தான் எதுவும் செய்ய முடியவில்லை. அதே மாங்காய் பார்டரை நான் இன்னொரு சேலையில் போட்டுக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்த டீச்சர், முன்வரிசை நாற்காலியில் உட்காரப் போனவர், சட்டென்று நின்று என்னைத் தேடினார்.

"ஏம்மா புவனா, இதுக்கு அடியில ஒண்ணும் இல்லியே?"

மண்டபத்தில் எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. அன்றிலிருந்து இதுதான் வழக்கம். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுவானாலும் நான் இருக்கும் இடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் நேராக உட்கார்ந்துவிட மாட்டார்கள். முதலில் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் உட்காருவார்கள். திவ்யாவின் பெண் குழந்தை, நடக்கப் பழகிய கையோடு இதையும் பழகிவிட்டது.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். டீச்சர் வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் குனிந்தோம். நிமிர்ந்து பார்த்தால், எங்களை யாரென்றே தெரியாத பெண் வீட்டார் ஒரு வரிசை முழுக்கக் குனிந்து தங்கள் நாற்காலிகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னிடம் கவலையோடு கேட்டார்:

"இன்னாம்மா காணாப்போச்சு?"